சம்மதிக்கிற தகப்பனுக்குப் படிவம் இல்லை

லிந்துலைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற நல்லமுத்துவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் பிள்ளை தொடர்பான பாரதூரமான விடயம் பற்றிக் கலந்துரையாட உடன் சமூகமளிக்கவும்.’ பாரதூரமான என்ற சொல்லை அவர் இரண்டு முறை படித்தார். அதற்கு முன்னால் அந்தச் சொல்லை அவர் கேட்டது மண்சரிவு வந்த வருஷம், ரேடியோவில்.

மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கண்டாக்கையாவிடம் லீவு சொல்லிவிட்டு, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனார். அதிபரின் அறை வாசலில் அவருடைய பிள்ளை நின்றுகொண்டிருந்தான். முடி கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தது. வெட்டியது நல்லமுத்துதான். அவன் பார்பர் கடைக்குப் போகக் கூச்சப்பட்டதால் வீட்டிலேயே வெட்டிவிட்டார். பின்பக்கம் கொஞ்சம் கோணல்.

பிள்ளையின் பெயர் கிருஷாந்த். பாடசாலைப் பதிவேட்டில் கிருஷாந்தி, தரம் பத்து. வித்தியாசம் கடைசி எழுத்தின் மேல்விலங்கு ஒன்றுதான். பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து பிள்ளை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் குடியிருக்கும் லயத்தில் முதலில் சிரித்தார்கள், பிறகு சிலர் ஏசினார்கள், பிறகு தண்ணீர்த் தாங்கி வெடித்து எல்லாருக்கும் அந்தக் கவலை வந்தது. இப்போது லயத்தின் எட்டுக் காம்பரா வீடுகளிலும் அவன் கிருஷாந்த்தான்.

அதிபர் சூசைரட்ணம் நல்லமுத்துவை உட்காரச் சொல்லி, ஒரு குவளைத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். இந்த மாதிரி நேரங்களில் தகப்பன்மாருக்குத் தண்ணீர் தேவைப்படும் என்பது அவருடைய பதினெட்டு வருட அனுபவம்.

"உங்க மக ரெண்டு சடை போட்டு ரிப்பன் கட்டி வரவேண்டியவ. முடிய வெட்டிக்கிட்டு வந்திருக்கா. அதுகூடப் பரவாயில்ல. ரெஜிஸ்டர்ல பேரு கூப்பிட்டா எந்திரிக்கிறதில்ல. கிருஷாந்த்னு கூப்பிட்டாத்தான் எந்திரிப்பாளாம். அதனால நாலு நாளா ‘வரவில்லை’ன்னுதான் போட்டுக்கிட்டு வர்றோம்."

"புள்ள நாலு நாளும் வந்துச்சுங்களே சார்."

"வந்தது உண்மதான். முன்வரிசையில உக்காந்திருக்கா. ஆனா வரவில்லை." அதிபர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இங்க பாருங்க நல்லமுத்து, நாங்க பழைய காலத்து ஆளுங்க இல்ல. இதெல்லாம் இப்ப உலகத்துல இருக்குன்னு எங்களுக்கும் தெரியும். ஆனா பாடசாலைன்னு வந்தா பெற்றோரோட சம்மதம் இல்லாம ஒண்ணும் செய்ய முடியாது. பெற்றோர்தான் எல்லாம். நீங்க வேணாம்னு சொல்லிட்டா எங்க கை கட்டுப்பட்டிரும். நாங்க என்ன செய்ய?"

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

"நான் வேணாம்னு சொல்லலீங்களே சார்," என்றார் நல்லமுத்து.

"என்னது?"

"எனக்குச் சம்மதம்ங்க. கிருஷாந்த்னே கூப்பிடுங்க. பையங்க மாதிரி களுசான் போட்டுக்கிட்டு வரட்டும். புள்ள படிச்சாப் போதும்."

அதிபர் சாய்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அலுமாரியைத் திறந்து, ஒரு கோப்புக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். நல்லமுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘மேற்படி மாற்றத்திற்குப் பெற்றோராகிய நான் சம்மதிக்கவில்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.’

"இது வேறங்க சார். சம்மதிக்கிறதுக்கு உள்ளதக் குடுங்க."

"இது ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப இந்த ‘வில்லை’ய மட்டும் வெட்டி விட்டுட்டு..."

"அரசாங்கப் படிவத்துல வெட்டுத் திருத்தம் கூடாது." அதிபரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "எந்தத் தாய் தகப்பனும் சம்மதிக்க மாட்டாங்கங்கிற நம்பிக்கையிலதான் சம்மதம் வேணும்னே மேல இருந்து விதி போட்டாங்க. நீங்க இப்படித் திடீர்னு சம்மதிச்சா நாங்க எங்க போறது?"

தண்ணீர்க் குவளையை அவரே எடுத்துக் குடித்தார். பிறகு, சம்மதிக்கும் மனநிலையில் இருக்கும் தகப்பனை முதலில் ஆலோசனை ஆசிரியை பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஆலோசனை அறை என்பது விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறை. ஆசிரியை டெல்சி உயரம் பாயும் மெத்தையின் ஒரு நுனியில் உட்கார்ந்துகொண்டு மறுநுனியை நல்லமுத்துவுக்குக் காட்டினார். உளவளத்துணையில் அவருக்கு இரண்டு நாள் பயிற்சி. இரண்டாம் நாள் மதியத்தோடு முடிந்துவிட்டது.

"வீட்டுல ஏதாவது பிரச்சினை இருக்காண்ணே?"

"மழ பெஞ்சா கூரை ஒழுகுதுங்க மிஸ்."

டெல்சி ‘குடும்பச் சூழல்: கசிவு’ என்று எழுதினார்.

"அவங்க அம்மா?"

"குவைத்துல இருக்காங்க. நாலு வருஷமாச்சு. தெனம் பேசுவாங்க."

‘தாய் இன்மை’ என்று எழுதப்போனவர் பேனாவை நிறுத்தினார். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, மனசுல பட்டதச் சொல்றேன். எங்கிட்ட வர்ற புள்ளைங்கள்ல பாதி காலையில சாப்பிடாம வந்தது. மிச்சம் பாதி வீட்டுல அடி வாங்கிட்டு வந்தது. புள்ளைக்காக இப்படி வேலைய விட்டுட்டு வந்து உக்காந்து பேசுற தகப்பன நான் இப்பத்தான் பாக்குறேன். இதுல நான் சொல்லித் தர ஒண்ணும் இல்ல. ஆனா ‘ஒண்ணும் இல்ல’ன்னு எழுதுறதுக்கு இந்தத் தாள்ல எடமில்லண்ணே."

அதனால் ‘மேலதிக அவதானிப்பு தேவை’ என்று எழுதினார். எழுதிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நல்லமுத்து தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கிருஷாந்த் துவைத்த சட்டைகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத," என்றார். "ஓ.எல் பரீட்சை முடியிற வரைக்கும் அந்தப் பேருக்கே எந்திரிச்சிட்டாத்தான் என்னா?"

கிருஷாந்த் கையிலிருந்த சட்டையை இன்னொரு முறை பிழிந்தான். "எந்திரிச்சுத்தானப்பா பாத்தேன். ஒம்பது வருஷம் எந்திரிச்சேன். லீவு போட்ட யாரோ ஒரு புள்ளைக்காக நான் பொய்யாக் கையத் தூக்குற மாதிரியே இருக்கும். அந்தப் புள்ள வரவே வராதுன்னு எனக்குத் தெரியும். எத்தன நாளைக்குப்பா தூக்குறது?"

நல்லமுத்து கத்தியின் விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே விஷயத்துக்காகப் பிள்ளையை அடித்திருக்கிறார். கையால்தான், ஆனால் பலமாக. அன்றைக்குப் பிள்ளை அழவில்லை. "அடிச்சா மாறிருமாப்பா?" என்று கேட்டது. சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. மாறிவிடும் என்றால் இன்னும் நாலு அடி வாங்கிக்கொள்ளத் தயாராக நின்ற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவர் கை ஓங்கவில்லை.

"சரி, பாப்போம்," என்று மறுபடி தீட்ட ஆரம்பித்தார்.

பார்க்க வேண்டியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்தான் தகப்பன் என்றும், சுயநினைவோடுதான் சம்மதிக்கிறார் என்றும் கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார் அதிபர். கிராம சேவகர் முதல் பாதியை எழுதிக் கொடுத்தார். இரண்டாம் பாதிக்கு யோசித்தார்.

"தகப்பன்னு எழுதலாம், ரெஜிஸ்டர்ல இருக்கு. சம்மதம்னு நான் எப்பிடி எழுதுறது? உங்க மனசு என் பிரிவுக்குள்ள வருதா?"

அவர் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்து நல்லமுத்து சிரித்தார். கிராம சேவகர் சிரிக்கவில்லை.

அடுத்து, தகப்பன் மட்டும் சம்மதித்தால் அது பாதிச் சம்மதம்தான் என்று வலயக் கல்வி அலுவலகம் கண்டுபிடித்தது. அங்கிருந்து உதவிப் பணிப்பாளர் திருமதி சுதர்ஷினி நேரில் வந்தார். அதிபரின் அறையில் நல்லமுத்துவின் போனை ஒரு பூச்சாடியில் சாய்த்து வைத்து, குவைத்தில் இருக்கும் வினோதாவை வாட்சப்பில் கூப்பிட்டார்கள். வினோதா குசினியில் நின்றபடி, ஒரு கையில் கரண்டியோடு தெரிந்தாள்.

"நீங்கள்தான் தாய் என்பதற்கு அடையாள அட்டையைக் காட்டுங்கள்," என்றார் பணிப்பாளர். அவர் யாரிடமும் மேடைத் தமிழில்தான் பேசுவார்.

"அதெல்லாம் இந்த வீட்டு மேடம் வாங்கி வச்சிருக்காங்கங்க."

"அப்படியானால் அந்த மேடத்தின் சம்மதத்தைப் பெற்று அடையாள அட்டையை வாங்கி, அதன் பின்னர் உங்கள் சம்மதத்தைத் தெரிவிக்கலாம்."

வினோதா கரண்டியைக் கீழே வைத்தாள். "மிஸ், நான் வெளிநாடு போறதுக்கு இவரு சம்மதிக்கணும்னு கையெழுத்துக் கேட்டாங்க. இப்ப இவரு சம்மதிக்கிறதுக்கு நான் சம்மதிக்கணுங்கிறீங்க. எங்க ரெண்டு பேருக்கும் எப்பவுமே சம்மதந்தான். எம்புள்ள சிரிச்சுப் பேசுறத இப்பத்தான் போன்ல பாக்குறேன். அதக் கெடுத்துறாதீங்க. அடுப்புல சோறு இருக்கு, போன வைக்கட்டுமா?"

வைத்துவிட்டாள். பணிப்பாளர் தமது குறிப்பேட்டில், ‘தாய் சமையல் அவசரத்தில் சம்மதித்தார், ஆழ்ந்து சிந்தித்ததாகத் தெரியவில்லை’ என்று எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, தாய் தகப்பன் சம்மதித்தது நல்ல ஆரம்பம், இனி மற்றப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றார்.

"எம்புள்ளைக்கு மத்தவங்க எப்படிங்க சம்மதிக்கிறது?"

"ஒரு பிள்ளையின் பெயரை அந்தப் பிள்ளை மட்டுமா கேட்கிறது? வகுப்பே கேட்கிறது அல்லவா?" என்றார் பணிப்பாளர்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேரு என்பார்கள். போனால் ஒரு பேரு, மதியத்தோடு திரும்பினால் அரைப்பேரு. பிள்ளையின் பேருக்காக அலைந்ததில் அதுவரை நல்லமுத்து ஏழரைப் பேரை விட்டிருந்தார். கூட்டத்துக்குப் போனதில் அது எட்டரை ஆனது.

கூட்டம் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. தரம் பத்தின் முப்பத்தொரு பிள்ளைகளின் வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். சில பெண்கள் மலையிலிருந்து நேராக வந்ததால் இடுப்பில் சுற்றிய படங்குச்சாக்கோடு நின்றார்கள். பணிப்பாளர் சுதர்ஷினி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"அன்பார்ந்த பெற்றோர்களே, நமது வலயம் எவரையும் ஒதுக்காத வலயம். அதனால்தான் இப்படியான மாணவர்கள் இருக்கிறார்கள் என்று இதுவரை எந்த அறிக்கையிலும் நாங்கள் எழுதியதே இல்லை. ஒரு பிள்ளையின் அந்தரங்கத்தைக் காப்பது நமது கடமை. அதற்காகவே உங்கள் எல்லோரையும் இன்று அழைத்திருக்கிறோம். பிள்ளையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அதோ மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருடைய பிள்ளை."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நல்லமுத்து யாரைப் பார்த்துக் கையெடுப்பது என்று தெரியாமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து வந்த ஒருவர் எழுந்தார். கெட்ட மனுஷன் இல்லை. நல்லமுத்துவோடு சேர்ந்து கோயில் கமிட்டியில் இருப்பவர்தான். "அண்ணன் தப்பா நெனைக்கக் கூடாது. எம்மகளும் அந்தப் புள்ளையும் ஒரே பெஞ்சுல படிச்சதுங்க. இப்ப திடீர்னு பையங்கிறாங்க. சரி, இருக்கட்டும். கக்கூஸுக்கு எங்க போகும்? பொம்பளப் புள்ளைங்க பக்கமா, பையங்க பக்கமா? எனக்கு அது தெரியணும்."

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. நிகழ்ச்சி நிரலில் அது நாலாவது விடயம். அதற்காகவே அவர் ஒரு வரைபடம் கொண்டுவந்திருந்தார். பெண்கள் பக்கம் போனால் வரும் சிக்கல், ஆண்கள் பக்கம் போனால் வரும் சிக்கல், புதிதாக மூன்றாவது ஒன்றைக் கட்டினால் எந்த நிறப் பூச்சு அடிப்பது என்று ஒரு மணித்தியாலம் பேச்சு நடந்தது. பூச்சு விஷயத்தில் ஒரு உபகுழு அமைக்கப்பட்டது.

அந்த நேரத்தில் விருந்தினருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்த பிரியந்தி, கிருஷாந்தின் வகுப்பில் படிக்கிற பிள்ளை, தட்டத்தைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், பொம்பளப் புள்ளைங்க கக்கூஸப் பூட்டி ரெண்டு வருஷமாகுது. பையங்களோடதுல தண்ணி வராது. நாங்க எல்லாருமே தேயிலைக்குள்ளதான் போறோம்."

கேள்வி கேட்ட மேல் டிவிசன்காரர் உட்கார்ந்துவிட்டார். பணிப்பாளர் வரைபடத்தைச் சுருட்டிவிட்டுச் சொல்லச் சொல்ல, கூட்டக் குறிப்பு எடுத்த ஆசிரியர் எழுதினார்: ‘கழிவறைப் பாவனையில் மாணவர்களிடையே எவ்விதப் பாகுபாடும் இல்லை என்பது உறுதிப்படுத்தப்பட்டது.’

அப்போதுதான் பின்வரிசையில் அழகம்மா எழுந்தாள். கொழுந்து எடுக்கிறவள். மூத்த மகள் கணக்குப் பாடத்தில் தவறி, படிப்பை விட்டுக் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனவள். இரண்டாவது மகன் இதே வகுப்பில்.

"நல்லமுத்தண்ணன் புள்ளைக்கு நான் சம்மதம். நான் சம்மதிக்காட்டியும் அது அவரு புள்ளதான், எனக்கென்னா வந்துச்சு. நான் வேற ஒண்ணு கேக்கணும் மிஸ். ரெண்டு வருஷமா இந்த வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் இல்ல. அதுக்கு எங்ககிட்ட யாருமே சம்மதம் கேக்கல. கேட்டிருந்தா சம்மதிக்கலன்னு எழுதிக் குடுத்திருப்போம். அந்தப் படிவந்தான் உங்ககிட்ட நெறையா இருக்காமே."

சிலர் சிரித்தார்கள். அழகம்மா சிரிக்கவில்லை.

"அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை," என்றார் பணிப்பாளர்.

"எந்த நாளு நிகழ்ச்சியில இருக்கும்னு சொல்லுங்க மிஸ், நான் அன்னைக்கு வாறேன்."

பணிப்பாளர் அடுத்த விடயத்துக்குப் போனார். சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். இருபத்திரண்டு பேர் தூக்கினார்கள். ஐந்து பேர் தூக்கவில்லை. நாலு பேர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். ஏகமனதான தீர்மானம் இல்லாததால் விடயம் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது.

இதற்கிடையில் கிருஷாந்த் தினமும் பாடசாலைக்குப் போனான், தினமும் வரவில்லை. ‘தொடர்ந்து சமூகமளிக்காமை’ பற்றி வீட்டுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டையும் அதிபர் அவன் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

ஆவணியில் மேலிடத்தின் முடிவு வந்தது. காலைக் கூட்டத்தில் அதிபர் சூசைரட்ணம் அதைப் பெருமையோடு வாசித்தார். பிரச்சினை பெயரில்தான் இருக்கிறது. ஆகவே பெயர் நீக்கப்படுகிறது. இனிமேல் கல்லுமலை வித்தியாலயத்தில் எந்த மாணவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பாடசாலையில் சேர்ந்தபோது கொடுத்த சேர்விலக்கத்தால் மட்டுமே அழைக்க வேண்டும். உடுப்பிலும் பிரச்சினை வராமலிருக்க எல்லாரும் எல்லா நாளும் விளையாட்டு உடுப்பில் வர வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கம் மறந்துபோனதால் டெல்சி மிஸ் காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு உள்ளங்கையிலும் பேனாவால் எழுதிவிட்டார். கிருஷாந்த் 2714 ஆனான். ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் வந்திருப்பதாக ரெஜிஸ்டரில் ஏறியது.

இந்த ஏற்பாட்டைப் பார்க்க வேறு வலயங்களிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். வலயத்துக்கு ஒரு பாராட்டுக் கேடயமும் கிடைத்தது. பூச்சு உபகுழுவினரின் பெயர்களும் அதில் இருந்தன.

நல்லமுத்து ஒருநாள் போய் அதிபரைப் பார்த்தார். "சார், நான் எம்புள்ளைக்குப் பேரு கேட்டு வந்தேன். நீங்க எல்லாப் புள்ளைங்க பேரையும் எடுத்துட்டீங்க."

"உங்க புள்ளைய மட்டும் தனியாப் பாக்கலையே? எல்லாரும் ஒண்ணு. இதவிடச் சமத்துவம் வேற எங்க இருக்கு சொல்லுங்க."

நல்லமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஆனால் எதைப் பிடித்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை. யாரும் அவரை ஏசவில்லை, முடியாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாரும் உட்காரச் சொல்லித்தான் பேசினார்கள். திரும்பி வேலைக்கு வந்ததும் கத்தியை எடுத்து, கவ்வாத்து வெட்டிய மலையில், ஏற்கெனவே வெட்டியிருந்த ஒரு செடியைக் காரணமில்லாமல் இன்னும் இரண்டு வெட்டு வெட்டினார். கங்காணி பார்த்துவிட்டு, "அதத்தான் வெட்டியாச்சேப்பா," என்றார்.

வகுப்புக்குள் பிள்ளைகள் இலக்கத்தையெல்லாம் ஆசிரியர் வெளியே போகும் வரைக்கும்தான் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பழையபடி பெயர்தான். கிருஷாந்த் கிருஷாந்த்தான். அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. கணக்கு வாத்தியார் மட்டும் வரவில்லை. டெல்சி மிஸ் தனக்குத் தெரிந்த வரைக்கும் பின்னேரங்களில் சொல்லிக்கொடுத்தார். கிருஷாந்தும் அழகம்மாவின் மகனும் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் ஓ.எல் விண்ணப்பம் நிரப்புகிற நாள் வந்தது. நல்லமுத்துவை மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். அதிபரின் மேசையில் விண்ணப்பம் தயாராக இருந்தது. பரீட்சைக்குச் சேர்விலக்கம் செல்லாது என்பதால் முழுப்பெயரும் எழுதப்பட்டிருந்தது. நல்லமுத்து கிருஷாந்தி. பால்: பெண். எல்லாம் அழகான கையெழுத்தில் நிரப்பி, தகப்பன் கையொப்பம் இடும் இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டிருந்தார்கள். கிருஷாந்த் பக்கத்தில் நின்றான்.

நல்லமுத்து பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "இதுக்கு இவங்க அம்மா கையெழுத்து வேணாமா சார்?"

"வேணாம். ரெண்டு பேர்ல ஒருத்தர் போதும்."

"கிராம சேவகர் கடிதம்?"

"எதுக்கு?"

"மத்த தாய் தகப்பன்மாரக் கூப்பிட்டுக் கை தூக்கச் சொல்லணுமே."

அதிபர் சிரித்தார். இத்தனை நாளில் நல்லமுத்துவைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "என்ன நல்லமுத்து, தகப்பன் நீங்க. உங்க புள்ளைக்கு நீங்க கையெழுத்து வச்சா யாரு கேக்கப்போறா?"

நல்லமுத்து பேனாவோடு அப்படியே இருந்தார். அந்தப் பெயரையும் அதற்குக் கீழே இருந்த புள்ளடியையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தார். உதட்டுக்கு மேலே ஒரு பருவோடு, விளையாட்டு உடுப்பில், அவன் அவரைவிட ஒரு விரற்கடை உயரமாகி நின்றான்.

"வையுங்கப்பா," என்றான் கிருஷாந்த். "உள்ள போய் எழுதப்போறது நான்தானே."

நல்லமுத்து கையெழுத்து வைத்தார். மை காய்வதற்கு முன்பே அதிபர் முத்திரையைக் குத்தினார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.